விழுந்தவரும் வீழ்த்தியவரும்

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கைப் பாய்ந்து வீழ்த்துவது ஆட்டமா, அத்துமீறலா? எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சர்ச்சை ஓய்ந்தபாடில்லை.

1964 செப்டம்பர் 20. பிட்ஸ்பர்க் நகரின் பிட் ஸ்டேடியம். புல்தரையில் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். தலையில் ஹெல்மெட் இல்லை. மோதிய வேகத்தில் தெறித்துவிட்டது. வழுக்கைத் தலையிலிருந்து ரத்தம் கோடாக முகத்தில் வழிகிறது. கைகள் தொடைமீது தளர்ந்து கிடக்கின்றன. ஓடி ஓடிக் களைத்த ஒரு கிழவரைப் போலிருக்கிறார். ஆனால் அவருக்கு வயது 37தான்.

ஒய்.ஏ. டிட்டில். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். முந்தைய ஆண்டுதான் 36 டச்டவுன் பாஸ்கள் வீசிச் சாதனை படைத்திருந்தார். அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ஜான் பேக்கர் வந்து மோதியதில் அவர் நெஞ்செலும்பில் விரிசல், மூளையில் அதிர்ச்சி. கையை விட்டு அரைகுறையாகக் கிளம்பிய பந்தை எதிரணி பிடித்து டச்டவுன் ஆக்கிக்கொண்டது. அந்தப் பருவத்தோடு டிட்டில் ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்தக் கணத்தைப் படம் பிடித்தவர் 'பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெஜட்' நாளிதழின் மாரிஸ் பெர்மன். ஆனால் அவருடைய பத்திரிகை அப்போது அந்தப் படத்தை வெளியிடவில்லை. ஆட்டம் நடக்கிற படம்தான் ஆசிரியருக்கு வேண்டியிருந்தது. உட்கார்ந்திருக்கிற ஆளின் படமல்ல. இன்று அமெரிக்க விளையாட்டு வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற படங்களில் அது ஒன்று. ஓஹயோ மாநிலம் கேன்டனில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்தில் தொங்குகிறது.

படத்தில் பேக்கர் இல்லை. அடி இருக்கிறது, அடித்தவர் இல்லை. அந்த அடி முறையானதா என்ற கேள்வியைத்தான் அமெரிக்கா இன்றுவரை வேறு வேறு பெயர்களை வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஏன் அவர்மீது குறி?

பெயர்தான் கால்பந்து. காலுக்கு அதில் வேலை குறைவு. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். அநேகமாக ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் இருப்பவருக்கு வீசுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். அணியின் மூளை அவர்.

அந்த இரண்டு மூன்று நொடியும் அவர் உடம்பு நிராயுதபாணி. பார்வை 30, 40 கெஜத்துக்கு அப்பால். வீசும் கை தலைக்கு மேல். விலா திறந்து கிடக்கிறது. உடல் எடை முழுக்க முன்காலில் இறங்குகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து 130 கிலோ எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் வந்து மோதுகிறார். கிரிக்கெட்டில் பவுன்சர் வந்தால் பேட்ஸ்மன் குனியலாம், விலகலாம். பந்து எங்கிருந்து வருகிறது என்பதாவது தெரியும். குவார்ட்டர்பேக்குக்கு அந்த வசதி பல நேரங்களில் இல்லை. முதுகுப்பக்கமாக வருபவரை அவர் தரையில் விழுந்த பிறகுதான் பார்ப்பார்.

பந்து அவர் கையில் இருக்கும்வரை இதில் தவறு எதுவும் இல்லை. அவரைக் கீழே தள்ளுவது எதிரணியின் உரிமை, சொல்லப்போனால் கடமை. 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் ஆடிய டீக்கன் ஜோன்ஸ் இதற்கு 'சாக்' என்று பெயர் சூட்டினார். படையெடுத்து வந்தவர்கள் ஒரு நகரைச் சூறையாடுவதைக் குறிக்கும் சொல் அது. எதிராளியின் ஹெல்மெட்டில் பக்கவாட்டில் ஓங்கி அறைந்துவிட்டு அவரைத் தாண்டிப் போவது ஜோன்சின் கைவந்த கலை. 1977-ல் லீக் அந்த அறையைத் தடை செய்தது. ஆனால் 1982 முதல் 'சாக்' அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் ஆகிவிட்டது. வீழ்த்துகிறவருக்குக் கணக்கு, கணக்குக்கு ஏற்ற சம்பளம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பந்தை முன்னால் வீசுவது என்ற உத்தியே ஆட்டத்தைச் சாதுவாக்கக் கொண்டுவரப்பட்டதுதான். அதற்கு முன் இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளுவதே ஆட்டமாக இருந்தது. வீரர்கள் மிதிபட்டுச் செத்தார்கள். 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்தும்படி சொன்னார். அவருடைய மகனே ஹார்வர்டில் ஆடிக்கொண்டிருந்தார். 1906-ல் முன்வீச்சு சட்டபூர்வமானது. நெரிசலைக் கலைக்க வந்த அந்த விதிதான், நெரிசலுக்கு நடுவே தனியாக நின்று அடிவாங்கும் ஒருவரை உருவாக்கியது.

இரண்டு அடிகள்

முறையான அடி எது, முறைகேடான அடி எது என்பதை விளக்க ஓராண்டு இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்கள் போதும்.

1985 நவம்பர் 18, திங்கள் இரவு. நாடு முழுக்க டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம். வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன்மீது நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்தார். இருவரும் விழுந்தபோது தைஸ்மனின் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. டெய்லர் துள்ளி எழுந்தார். தலையில் கை வைத்துக்கொண்டு, மருத்துவர்களை உடனே வரச்சொல்லி எதிரணியின் பக்கம் பதறிப்போய்ச் சைகை காட்டினார். 36 வயது தைஸ்மன் அதன்பிறகு ஆடவே இல்லை. ஆனால் அடியில் குற்றம் இல்லை. பந்து அவர் கையில் இருந்தது; டெய்லர் தன் வேலையைச் செய்தார்.

1986 நவம்பர் 23. சிகாகோ பேர்ஸ் அணியின் ஜிம் மெக்மேன் பந்தை வீசி முடித்துவிட்டார். எதிரணி அதைப் பிடித்தும்விட்டது. மெக்மேன் சும்மா நடந்துகொண்டிருந்தபோது கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் சார்லஸ் மார்ட்டின் பின்னாலிருந்து வந்து, அவரைத் தூக்கித் தோள் தரையில் மோதும்படி வீசினார். மார்ட்டின் இடுப்பில் ஒரு துண்டு தொங்கியது. அதில் பேர்ஸ் வீரர்கள் சிலருடைய சட்டை எண்கள் எழுதப்பட்டிருந்தன. மெக்மேனின் 9-ம் எண்ணும் அதில் இருந்தது. மார்ட்டின் உடனே வெளியேற்றப்பட்டார். இரண்டு ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. மெக்மேனுக்கு அந்தப் பருவமே போயிற்று.

காயத்தை வைத்துப் பார்த்தால் டெய்லர் செய்ததுதான் பெரிது. ஆனாலும் டெய்லரைக் குற்றவாளி என்று சொல்பவர் இல்லை. மார்ட்டினை நியாயப்படுத்துபவரும் இல்லை. ஆட்டக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. பந்துக்காக அடிப்பது ஒன்று, ஆளுக்காக அடிப்பது வேறு.

உடம்புக்கு ஒரு விலை

மனசாட்சிக்குப் புரிகிற இந்த வித்தியாசம் நடுவரின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? எல்லோருடைய இடுப்பிலும் துண்டு தொங்குவதில்லை.

2010 ஜனவரி 24. சூப்பர் பௌல் இறுதிக்குத் தகுதி பெறும் ஆட்டம். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ப்ரெட் ஃபார்வ், வயது 40. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் வீரர்கள் அவரை மாற்றி மாற்றிக் கீழே தள்ளினார்கள். பந்தை வீசிய பிறகும் விழுந்தார். மேலிருந்து ஒருவர், கீழிருந்து ஒருவர் என்று சேர்ந்து சாய்த்தபோது கணுக்கால் திருகிக்கொண்டது. நொண்டிக்கொண்டே ஆடினார். கூடுதல் நேரத்தில் 31-28 என்று செயின்ட்ஸ் வென்றது. அடுத்து சூப்பர் பௌலையும் வென்றது. 2005-ல் கத்ரீனா புயலில் மூழ்கிய நகரத்துக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது.

இரண்டாண்டு கழித்து 2012 மார்ச்சில் குட்டு வெளிப்பட்டது. செயின்ட்ஸின் தடுப்பு வீரர்களும் அவர்களுடைய பயிற்சியாளர் கிரெக் வில்லியம்சும் சேர்ந்து, 2009 முதல் மூன்று பருவங்களாகப் பொதுவில் பணம் போட்டு ஒரு நிதி வைத்திருந்தார்கள் என்றது லீக். எதிராளியை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றினால் 1,500 டாலர். தூக்கிச் செல்ல வைத்தால் 1,000 டாலர்.

தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டன் ஒரு முழுப் பருவத்துக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார். வில்லியம்சுக்குக் காலவரையற்ற தடை. மறு ஆண்டு நீக்கப்பட்டது. அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம். நான்கு வீரர்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. ஆனால் மேல்முறையீட்டை விசாரித்த முன்னாள் ஆணையர் பால் டாக்லியாபு, பழியின் பெரும்பகுதியைப் பயிற்சியாளர்கள்மீதும் நிர்வாகத்தின்மீதும் வைத்து, வீரர்களின் தண்டனையை டிசம்பரில் ரத்து செய்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அடிவாங்கிய ஃபார்வுக்கே பெரிய கோபம் இல்லை. பணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் குவார்ட்டர்பேக்கை அடிக்கத்தான் வருவார்கள், ஆட்டம் அப்படித்தான் என்ற ரீதியில் பேசினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மைதானத்தில் பார்த்தால் பணத்துக்கு அடித்த அடியும் கடமைக்கு அடித்த அடியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. உள்நோக்கம் தெரியவந்தது விசாரணையில்தான்.

காயம் எழுதிய சட்டம்

மனதைப் படிக்க முடியாது என்பதால் லீக் உடம்பை அளக்க ஆரம்பித்தது. எங்கே அடித்தார், எப்போது அடித்தார், எப்படி விழுந்தார்? விதிகளின் வரலாற்றைப் புரட்டினால், அநேகமாக ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் அடிபட்ட ஒரு நட்சத்திரம் இருப்பார்.

1979-ல், குவார்ட்டர்பேக் எதிராளியின் பிடியில் சிக்கிவிட்டார் என்று தெரிந்தால் அவர் விழும்வரை காத்திராமல் விசில் ஊதலாம் என்று நடுவர்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. குவார்ட்டர்பேக்குகளுக்குக் கவுன் மாட்டிவிடலாமே என்று அந்தக் காலத்தில் கிண்டலடித்தார், ஸ்டீலர்ஸ் அணியின் முரட்டுத் தடுப்பு வீரர் ஜாக் லாம்பர்ட்.

2006 ஜனவரியில் சின்சினாட்டி அணியின் கார்சன் பால்மர் நீளமான ஒரு பாஸ் வீசிய மறுகணம், அவர் முழங்காலில் எதிராளி விழுந்தார். தசைநார் கிழிந்தது. அதே ஆண்டு, முழங்காலிலோ அதற்குக் கீழேயோ மோதக்கூடாது என்ற விதி இறுக்கப்பட்டது. 2008 செப்டம்பரில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே நியூ இங்கிலாந்து அணியின் டாம் பிராடியின் முழங்கால் போயிற்று. தரையில் விழுந்து கிடந்த தடுப்பு வீரர் எட்டிப் பாய்ந்ததால் வந்த வினை. 2009-ல் அதற்கும் தடை. அமெரிக்கர்கள் இதை 'பிராடி விதி' என்றே அழைக்கிறார்கள். 2017 அக்டோபரில் கிரீன் பே அணியின் ஏரன் ராட்ஜர்ஸ்மீது எதிராளி விழுந்ததில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. 2018-ல், குவார்ட்டர்பேக்கைப் பிடித்துத் தள்ளும்போது முழு எடையையும் அவர்மேல் போட்டு விழக்கூடாது என்ற விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி நடுவர்களுக்கு உத்தரவு போனது.

மீறினால் மஞ்சள் கொடி விழும். 15 கெஜம் அபராதம். எதிரணிக்குப் புதிதாக நான்கு முயற்சிகள். நெருக்கமான ஆட்டத்தில் இது வெற்றியையே கைமாற்றிவிடும்.

ஒரே பருவம், ஒரே வீரர்

எடை விதி அமலுக்கு வந்த 2018 பருவம் ஒரு பாடப்புத்தகம். செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டன் அணியின் அலெக்ஸ் ஸ்மித்தை கிரீன் பே அணியின் கிளே மாத்யூஸ் நேருக்கு நேர் அணைத்துத் தரையில் சாய்த்தார். பந்து ஸ்மித்தின் கையில்தான் இருந்தது. தலையில் படவில்லை, காலில் படவில்லை. பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தருகிற மாதிரியான பிடி. ஆனால் கொடி விழுந்தது. எடையோடு விழுந்தது குற்றம். ஸ்மித் எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். மாத்யூஸ் நம்ப முடியாமல் நின்றார்.

அதே ஞாயிறு, நாட்டின் இன்னொரு மூலையில் மயாமி அணியின் வில்லியம் ஹேய்ஸ், ஓக்லண்ட் குவார்ட்டர்பேக் டெரிக் காரை வீழ்த்தினார். முழு எடை அவர்மேல் விழாமலிருக்க நடுவிலேயே உடம்பைத் திருப்பினார். கால் புல்லில் சிக்கியது. முழங்கால் தசைநார் கிழிந்தது. விதியை மதித்தவருக்கு அந்தப் பருவம் முடிந்துபோனது. காயம் எப்படி வந்தது என்று விளக்கியவர் அவருடைய பயிற்சியாளர்தான்.

எட்டு வாரம் கழித்து, நவம்பர் 18. அதே அலெக்ஸ் ஸ்மித்தை ஹூஸ்டன் அணியின் இருவர் மடக்கினார்கள். விதிப்படி முறையான பிடி. ஆனால் ஸ்மித்தின் வலது காலில் இரண்டு எலும்புகளும் முறிந்தன. தைஸ்மன் விழுந்து சரியாக 33 ஆண்டுகள். அதே அணி, அதே கால், 23-21 என்று ஆட்டக் கணக்கும் அதே. மைதானத்தில் அன்று தைஸ்மனும் இருந்தார். புண்ணில் சதையைத் தின்னும் கிருமி புகுந்து, காலை எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலைக்குப் போனது. 17 அறுவை சிகிச்சைகள். 2020 அக்டோபரில் ஸ்மித் மறுபடி களமிறங்கியதை அமெரிக்கா கண்ணீரோடு பார்த்தது.

ஆக, கொடி விழுந்த அடியில் காயம் இல்லை; கொடி விழாத அடியில் கால் போகப் பார்த்தது. விதி கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டியவர் யார்மீதும் மோதவில்லை என்பதற்காக அவரை விட்டுவிட முடியாது. எது ஆபத்தை வளர்க்கிறது என்பதைத்தான் விதி பார்க்க முடியும். ஆனால் காற்றில் பாய்ந்துவிட்ட 130 கிலோ உடம்பை விழுவதற்குள் பக்கவாட்டில் திருப்பு என்று சொல்வது வேறு ரகம். தலையைத் தொடாதே, முழங்காலை விடு என்பதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடியவை. புவியீர்ப்பைப் பழக்க முடியாது.

இந்த இழுபறி 2022-ல் உச்சத்துக்குப் போனது. செப்டம்பர் 29 அன்று மயாமி அணியின் துவா டாகோவைலோவா சுழற்றித் தள்ளப்பட்டு, தலை தரையில் மோதி, விரல்கள் விறைத்துக் கோணிக்கொள்ளக் கிடந்தார். நான்கு நாள் முன்புதான் இன்னொரு ஆட்டத்தில் அடிபட்டுத் தள்ளாடியவர். அன்றே ஆட்டத்துக்குத் திரும்பவும் அனுமதிக்கப்பட்டவர். நாடே பதறியது. தள்ளாடுகிறவரை மறுபடி ஆடவிடக்கூடாது என்று மருத்துவ விதிகள் திருத்தப்பட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டு கொடிகள் விழுந்தன. அட்லாண்டாவின் கிரேடி ஜாரெட், டாம் பிராடியைச் சாதாரணமாகச் சாய்த்ததற்கு ஒன்று. கான்சஸ் சிட்டியின் கிறிஸ் ஜோன்ஸ், டெரிக் காரின் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டே விழுந்ததற்கு ஒன்று. பந்தையே கைப்பற்றியவர் எப்படிக் குற்றவாளி ஆவார் என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

யாருக்குக் கருணை?

இத்தனை கருணையும் மனிதாபிமானம் மட்டும்தானா? 2021-ல் லீக் செய்துகொண்ட டெலிவிஷன் ஒப்பந்தங்களின் மதிப்பு 11 ஆண்டுகளுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல். டல்லாஸ் அணியின் டாக் பிரெஸ்காட் 2024-ல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர். இப்படிப்பட்டவர் முதல் வாரமே ஊன்றுகோலில் நின்றால் அணி கெடும், ஆட்டம் கெடும், விளம்பரம் கெடும். டிட்டில் 37 வயதில் ரத்தம் வழிய உட்கார்ந்தார். பிராடி 45 வயதுவரை ஆடினார். அதில் அவருடைய கட்டுப்பாட்டுக்குப் பங்கு உண்டு, விதிகளுக்கும் உண்டு.

நியாயமான கேள்வி வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்துபோன 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளைப் பரிசோதித்து அவற்றில் 110-ல் சி.டி.இ. என்னும் சிதைவு நோய் இருப்பதைக் கண்டார்கள். நோய்க்குறி தெரிந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானமாகத் தந்தன என்பதால் இதை எல்லா வீரர்களுக்குமான விகிதமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் எண் அச்சமூட்டுகிறது. அவர்களில் குவார்ட்டர்பேக்குகள் சிலரே. அதிகம் பேர் முன்வரிசையில் நின்று ஒவ்வொரு முயற்சியிலும் முட்டிக்கொள்ளும் லைன்மென். அவர்கள் தலையில் விழுவது டெலிவிஷனில் மறு ஒளிபரப்பாகும் ஒரு பெரிய அடியல்ல. யாரும் கவனிக்காத ஆயிரம் சின்ன அடிகள். முன்னாள் வீரர்களின் வழக்கில் லீக் இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்திருக்கிறது.

ஆகவே குவார்ட்டர்பேக்கைப் பாதுகாப்பது தவறல்ல. அவரோடு நின்றுவிடுவதுதான் தவறு. பலமாக அடிப்பதும் குற்றமல்ல. தைஸ்மனே அதற்குச் சாட்சி. பந்து போன பிறகு அடிப்பதும், வீழ்த்துவதற்குத் தேவையில்லாத தலையையும் முழங்காலையும் தேடிப்போய் அடிப்பதும்தான் குற்றம். இந்தக் கோடு வீரர்களுக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது. சட்டம் அதை அரை நொடிக்குள் கெஜக்கோல் வைத்து அளக்கப் பார்க்கும்போதுதான் தடுமாறுகிறது.

அந்தப் பழைய படத்துக்கு ஒரு பின்கதை உண்டு. டிட்டிலை வீழ்த்திய ஜான் பேக்கர், ஓய்வுக்குப் பின் சொந்த ஊரான வட கரோலைனாவின் வேக் கவுண்டியில் 1978-ல் ஷெரீப் தேர்தலில் நின்றார். பிரசாரத்துக்கு அவர் பயன்படுத்தியது பெர்மன் எடுத்த படத்தைத்தான். குற்றவாளிகளைப் பிடிக்க வருகிற ஆள் எப்படிப்பட்டவர் என்று வாக்காளர்களுக்குத் தெரிய வேண்டாமா? வென்றார். 24 ஆண்டுகள் ஷெரீப்பாக இருந்தார்.

1989-ல் பேக்கரின் அடுத்த தேர்தலுக்கு நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி நடந்தது. நடத்திக் கொடுத்தவர் ஒய்.ஏ. டிட்டில்.